ஊறுகாய்ப் புட்டியில் பெயரில்லாத மருந்து: பழைய தோட்டாக்களை என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாழ்ந்த என் தாய்மாமா காலமான பிறகு, அவருடைய துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறந்து கணக்கெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மாமாவைப் போலவே எனக்கும் .308 அளவில் வேட்டைத் துப்பாக்கி உண்டு. பெட்டகத்தில் பிரிக்கப்படாத பிஎம்பி நிறுவனத்துத் தோட்டாப் பெட்டிகள் சில இருந்தன. துணிப்பையில் சில்லறையாகக் கிடந்த .308 தோட்டாக்களில் சிலவற்றின் பித்தளை பச்சை படிந்திருந்தது. .303 அளவுள்ள பழைய இராணுவத் தோட்டாக்கள் ஒரு கைப்பிடி. எல்லாவற்றுக்கும் பின்னால் மாமியின் மாங்காய் ஊறுகாய்ப் புட்டி ஒன்று. அதற்குள் கால் கிலோ அளவுக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் துப்பாக்கி மருந்து. மூடியில் ஒட்டியிருந்த தாளில் மாமாவின் கையெழுத்தில் ‘308’ என்று மட்டும் எழுதியிருந்தது.

தொழிற்சாலைத் தோட்டாக்களைக் கழற்றி அந்த மருந்தை அவர் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு .308 தோட்டாவில் ஏறத்தாழ 45 கிரெயின், அதாவது 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான மருந்து இருக்கும். அந்தக் கணக்கில் புட்டியில் இருந்தது எண்பதுக்கும் மேற்பட்ட தோட்டாக்களின் மருந்து. வீணாக்க மனம் வராத தலைமுறை அவருடையது. எனக்கும் முதலில் அதே எண்ணம்தான் எழுந்தது. தொழிற்சாலையே .308 தோட்டாவில் இட்ட மருந்தை நாம் மீண்டும் .308 தோட்டாவில் இட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றியது. அந்த எண்ணம் ஏன் தவறு என்பதையும், எதிரே இருந்த வழிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில வழிகளை அதுவே அடைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒரு தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவரே பொதுவாக அந்தத் தோட்டாவை வைத்திருக்கலாம். ஆகவே மாமாவின் .308 தோட்டாக்களை நான் முறைப்படி பெற்றுக்கொள்ள முடிந்தது; .303 தோட்டாக்களைத் தொட எனக்கு உரிமை இல்லை. வேட்டை அல்லது சுடுதல் சங்கத்தின் வழியாக அர்ப்பணிப்பு வேட்டைக்காரர் அல்லது விளையாட்டுச் சுடுநர் என்ற தகுதி பெறாத சாதாரண உரிமக்காரர், ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. இறந்தவரின் துப்பாக்கிகள் வாரிசுக்குத் தானாகவே போய்விடுவதில்லை. சொத்தை நிர்வகிப்பவர் அவற்றைப் பாதுகாப்பாக வைத்திருக்க, வாரிசு தன் பெயரில் புது உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமல் அப்பாவின் துப்பாக்கியை அலமாரியிலேயே வைத்திருந்து சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களை நம்மவர்களிடையே நான் கண்டிருக்கிறேன்.

இனி மருந்துக்கு வருவோம். பட்டாசில் உள்ள கருமருந்து வேறு, இது வேறு. துப்பாக்கித் தோட்டாவில் இருக்கும் புகையற்ற மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். சிறு மணிகளாக இருக்கும் இந்த மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது என்பதை மணியின் வேதிப்பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. மணியின் நீளம், தடிமன், நடுவில் துளை இருக்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மணியின் மேற்பரப்பில் ஊறவைக்கப்பட்டிருக்கும் தணிப்புப் பூச்சு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. துளையுள்ள குழல் மணி உள்ளும் புறமும் ஒரே சமயத்தில் எரிவதால், வெளிப்பரப்பு சுருங்கச் சுருங்க உட்பரப்பு விரிந்து ஈடுகட்டுகிறது. பூச்சு எரிந்து தீரும்வரை வேகம் அடங்கியிருந்து, அதன்பின் ஏறுகிறது. அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடும் என்பதால், மருந்தின் அளவை ஐந்து விழுக்காடு கூட்டினால் அழுத்தமும் ஐந்து விழுக்காடுதான் கூடும் என்று எவரும் நம்பிவிடக் கூடாது.

.308 தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரத்தில் விதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4150 பார். மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ இரண்டரை பார்தான். இவ்வளவு அழுத்தத்தை நம் கன்னத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் ஓர் எஃகு அறைக்குள் அடக்கிவைத்துத்தான் சுடுகிறோம்.

நம் நாட்டில் மறுநிரப்பல், அதாவது சுட்ட கூட்டில் மீண்டும் மருந்திட்டுத் தோட்டா செய்யும் வேலை, செய்பவர்களுக்கு சோம்கெம் நிறுவனத்து மருந்துகள் பழக்கம்: .223க்கும் .308க்கும் எஸ்335, .30-06 போன்றவற்றுக்கு எஸ்365, பெரிய மேக்னம் தோட்டாக்களுக்கு எஸ்385. இவற்றைக் கலந்து ஒரு தட்டில் கொட்டி, எது எது என்று என்னைப் பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது. மூன்றுமே கிராஃபைட் பூசிய, கருஞ்சாம்பல் நிறக் குட்டைக் குச்சிகள். உருப்பெருக்கியில் நீளத்தையும் தடிமனையும் அளந்து ஓரளவுக்கு ஊகிக்கலாம் என்றாலும், தணிப்புப் பூச்சு எவ்வளவு என்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது. ஒரே நீளமும் ஒரே தடிமனும் கொண்ட இரு மருந்துகள் பூச்சின் வேறுபாட்டால் மட்டுமே இரு வேறு வேகத்தில் எரியக்கூடும். ஆகவே கண்ணால் பார்த்து அடையாளம் காண்பதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

தொழிற்சாலைத் தோட்டா என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கடையில் டப்பாவில் விற்கப்படும் மருந்தை, ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியோடு ஒத்திருக்கும்படி கலந்து சரிப்படுத்தியே விற்கிறார்கள்; மறுநிரப்பல் நூலில் அச்சான அளவு நமக்குப் பொருந்துவது அதனால்தான். தோட்டாத் தொழிற்சாலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது மொத்தமாக வாங்கும் மருந்தின் வேகம் தொகுதிக்குத் தொகுதி மாறலாம். அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்து, அந்தத் தொகுதிக்கு எத்தனை கிரெயின் வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். ஆகையால் ஒரு தொழிற்சாலை சென்ற ஆண்டு 43 கிரெயின் இட்டு, இந்த ஆண்டு 46 கிரெயின் இட்டு, அதே பெட்டியில் அதே பெயரோடு விற்றால் அதில் பிழை எதுவும் இல்லை. தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் முத்திரை பித்தளைக் கூட்டை யார் செய்தார் என்பதைச் சொல்லுமே ஒழிய, உள்ளே இருக்கும் மருந்து எது என்பதைச் சொல்லாது.

மாமாவின் ‘308’ என்ற குறிப்பின் பொருள் இப்போது விளங்கும். அந்த எண் மருந்தின் பெயரன்று. அந்த மருந்து முன்பு குடியிருந்த வீட்டின் பெயர், அவ்வளவுதான். எத்தனை தொகுதிகளிலிருந்து அது வந்தது, ஒரே நிறுவனமா, இராணுவத் தோட்டாவும் அதில் சேர்ந்ததா, என்றாவது ஒரு நாள் மேசையில் மிஞ்சிக் கிடந்த எம்பி200 போன்ற விரைவு மருந்தை அதே புட்டியில் தட்டிவிட்டாரா என்பவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. கைத்துப்பாக்கிக்கான விரைவு மருந்தால் ஒரு .308 கூட்டை நிரப்பிச் சுட்டால், துப்பாக்கியின் அறையே பிளந்துவிடும்.

இருப்பினும் புட்டி மருந்தைப் பயன்படுத்தலாம் என்பவர்கள் சொல்லும் இரண்டு வாதங்களை நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, அளவைப் பத்து விழுக்காடோ இருபது விழுக்காடோ குறைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது. பெயர் தெரிந்த மருந்துக்கு இது சரியான நடைமுறை. நூலில் உள்ள தொடக்க அளவு அதற்காகவே இருக்கிறது. பெயர் தெரியாத மருந்தில் எதிலிருந்து பத்து விழுக்காட்டைக் குறைப்பது? மேலும் குறைவு என்றாலே பாதுகாப்பு என்றும் ஆகாது. மெதுவாக எரியும் மருந்தைக் கூட்டில் பாதிக்கும் கீழாக இட்டால், பற்றுதல் சீராக நிகழாமல் எதிர்பாராத வகையில் அழுத்தம் எகிறிய நிகழ்வுகள் உண்டு. எகிறாவிட்டாலும் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுபோகலாம். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுடுபவரின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வாதம், வேகமானி வைத்து அளந்துகொள்ளலாம் என்பது. குண்டு எந்த வேகத்தில் வெளியேறியது என்பதை வேகமானி சொல்லும். உச்ச அழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லாது. குழலின் முழு நீளத்துக்கும் மெல்ல உந்தித் தள்ளும் மெதுவான மருந்தும், தொடக்கத்திலேயே ஓங்கி அடித்து ஓய்ந்துவிடும் விரைவான மருந்தும் குண்டுக்கு ஒரே வேகத்தைத் தரக்கூடும். ஆனால் இரண்டாவதின் உச்ச அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு தட்டையாவது, அறையை மூடும் போல்ட்டைத் தூக்கக் கடினமாவது போன்ற அடையாளங்களைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியும்போது வரம்பு ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கும்.

போருக்குப் பின் பழைய இராணுவ மருந்தைத்தானே அமெரிக்காவில் எல்லோரும் பயன்படுத்தினார்கள் என்று சுடுதளத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அரசின் மிகுதி மருந்தை மொத்தமாக வாங்கி விற்றார். இன்றும் விற்பனையில் உள்ள எச்4895, எச்4831 ஆகிய பெயர்கள் அந்த வணிகத்தில் பிறந்தவை. ஆனால் அவர் வாங்கியது ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள, எண்ணும் வகையும் தெரிந்த மருந்து. ஒருமுறை சோதித்தால் அந்த விடை ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பேருக்குப் பயன்படும். கால் கிலோ புட்டியைச் சோதிக்கத் தொடங்கினால், விடை கிடைக்கும் முன்பே மருந்து தீர்ந்துவிடும். பெரியவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் புல்லுக்குப் போட்டுவிடு தம்பி” என்றார். அந்த யோசனைக்குப் பின்னால் வருகிறேன்.

கொஞ்சமாவது நியாயம் உள்ள மறுபயன்பாடு ஒன்று உண்டு. பிரிக்காத பெட்டியில், ஒரே தொகுதி எண்ணுள்ள தோட்டாக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 147 கிரெயின் எடையுள்ள முழு உறையிட்ட இராணுவக் குண்டு வேட்டைக்கு உதவாது. இம்பாலா மானின் உடலை ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ விழும். ஆகவே குண்டை மட்டும் கழற்றிவிட்டு, அதே கூட்டில், அதே கேப்பின் மேல், அதே மருந்தின் மீது, ஏறத்தாழ அதே எடையுள்ள மென்முனைக் குண்டைப் பொருத்துகிறார்கள். இங்கே மருந்தின் பெயர் தெரியாது என்றாலும் அதன் இடம் மாறவில்லை. தொழிற்சாலையின் அழுத்தமானி அளந்த அந்தக் கூட்டணியிலிருந்து ஓர் உறுப்பு மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் அந்த ஓர் உறுப்பும் சும்மா இருப்பதில்லை. முழுக்கச் செம்பாலான குண்டைப் பொருத்தினால், அதே எடைக்கு அது நீளமாக இருப்பதால் கூட்டின் உள்ளிடத்தை அடைத்துக்கொள்ளும், குழலில் உராய்வும் வேறுபடும், அழுத்தம் ஏறும். எடை கூடிய குண்டைப் பொருத்தினாலும் அப்படியே. இராணுவத் தோட்டாவில் நீர் புகாமலிருக்கக் கழுத்தில் தார் போன்ற பசையைத் தடவியிருப்பார்கள். கழற்றும்போது அதன் துணுக்குகள் மருந்தில் விழும். என் கருத்து இதுதான்: ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாகக் கழற்றி, அதன் மருந்தை அதன் கூட்டைவிட்டு நகர்த்தாமல், எடை கூடாத சாதாரண ஈயக்கரு மென்முனைக் குண்டைப் பொருத்துவது அனுபவசாலிக்குத் தாங்கக்கூடிய வழி. புதியவருக்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துத் தோட்டாவின் மருந்தை ஒரு கிண்ணத்தில் கொட்டிச் சராசரி எடுக்கத் தொடங்கிய கணத்தில், நாம் மாமாவின் புட்டிக்குப் பாதி வழி போய்விட்டோம்.

.303 தோட்டாக்களில் இந்த வழியே அடைபட்டுப் போகிறது. பழைய பிரிட்டிஷ் முறை .303 தோட்டாக்கள் பலவற்றில் இருப்பது மணி மருந்தல்ல, கார்டைட். 1889இல் ஆபெலும் டிவாரும் உருவாக்கிய அந்த மருந்து, சேமியா போல நீண்ட இழைகளாக இருக்கும். நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோஸும் சிறிது வாசலினும் சேர்ந்தது. தொழிற்சாலையில் இழைக்கட்டை முதலில் கூட்டுக்குள் செருகிவிட்டு, அதன்பிறகே கூட்டின் கழுத்தை ஒடுக்குவார்கள். ஆகையால் வெளியே இழுத்த கார்டைட்டை மீண்டும் உள்ளே செலுத்துவது கைக்கு அடங்காத வேலை. அவற்றின் கேப்புகளும் பெரும்பாலும் குளோரேட் வகை. சுட்டபின் குழலில் உப்புப் படியும். டர்பன் கடற்கரையின் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்க அது போதும். வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் பாழ்.

மிஞ்சியிருப்பது, தோட்டாவைக் கழற்றாமல் அப்படியே சுட்டுத் தீர்ப்பது. இதில் வேலையே இல்லை என்பதாலோ என்னவோ எவரும் இதை முதலில் எண்ணுவதில்லை. நல்ல நிலையில் உள்ள தொழிற்சாலைத் தோட்டா, அதன் மருந்துக்கு மிகப் பாதுகாப்பான பயன்பாடு. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்த ஒருவர் அளந்து இட்டு மூடியது அது. பித்தளையில் விரிசலோ பச்சைக்களிம்போ இல்லாமல், குண்டு கழுத்தில் ஆடாமல் இருந்தால், வேட்டைக்கு வைத்துக்கொள்ளாவிட்டாலும் சுடுதளத்தில் பயிற்சிக்குச் சுடலாம். கழற்றிச் சேமித்தால் கிடைப்பது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: வரம்பான 200 தோட்டாக்களையும் கழற்றினால் 580 கிராம் மருந்து தேறும். அந்த உழைப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும். ஒரு கிலோ டப்பாவுக்குக்கூட ஈடாகாது.

பச்சை படிந்த தோட்டாக்களை நான் கழற்றினேன், மருந்துக்காக அல்ல, குண்டுக்கும் கூட்டுக்கும். கெட்டுப்போகும் மருந்தை மூக்கே கண்டுபிடித்துவிடும். நல்ல மருந்தில் மெல்லிய சாராய மணம் இருக்கும். கெட்டதில் புளித்த அமில நெடி அடிக்கும், செந்துருப் பொடி போன்ற தூசு தெரியும். மருந்தில் சேர்த்திருக்கும் நிலைநிறுத்திப் பொருள் காலப்போக்கில் தீர்ந்துபோக, நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து அமில ஆவியைக் கக்குகிறது. அது பித்தளையை உள்ளிருந்து அரிக்கிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். கோடையில் அனல் கக்கும் தகரக் கூரைக் காரேஜில் மருந்தை வைப்பது பற்றிச் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உள்ள நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அப்படிக் கழற்றிய பதினொரு தோட்டாக்களில் மூன்றின் கூட்டுக்குள் பச்சைக் கறை இருந்தது. அந்தக் கூடுகளை நசுக்கிப் பழைய பித்தளையில் போட்டுவிட்டேன்.

இனி, பயன்படுத்தாத மருந்தை எங்கே தள்ளுவது என்பது. பெரியவர் சொன்ன புல்வெளி யோசனை பலரிடம் புழங்குகிறது. மருந்தில் நைட்ரஜன் உண்டு என்பது சரி, ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் நீரில் கரையாது, மண்ணில் மக்க மிக நெடுங்காலம் எடுக்கும்; தணிப்புப் பூச்சுகளில் சில நச்சுத்தன்மை உள்ளவை. அதை உரம் என்று அழைப்பதற்கு நான் உடன்படவில்லை. திறந்த வெளியில் மெல்லிய கோடாகப் பரப்பி, சிறிது சிறிதாக, தொலைவிலிருந்து பற்றவைத்து எரிப்பது மறுநிரப்பல் செய்வோர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. மூடிய கலத்தில் எரிப்பதும் குவியலாக எரிப்பதும் கூடவே கூடாது. ஆனால் நம் மாகாணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து கிடக்கும் காலம், கரும்புத் தோட்டத்துக்கு அருகில் வீடு இருப்பவருக்கோ கேட்கவே வேண்டாம். 1998ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத் தீச் சட்டப்படி, தன் நிலத்திலிருந்து பரவிய தீக்கு நில உரிமையாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு தோட்டாவின் மருந்தை ஈரமான முற்றத்தில் எரிப்பது வேறு, கால் கிலோவை எரிப்பது வேறு.

ஆகவே புட்டியை நான் எரிக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குள் நுழையவும் இல்லை. முதலில் அங்கே துப்பாக்கிப் பொறுப்பு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, என்ன இருக்கிறது, எவ்வளவு, எந்தக் கலத்தில் என்று சொல்லி, அவர் குறித்த நாளில் .303 தோட்டாக்களோடு சேர்த்துச் சொத்து நிர்வாகியின் வழியாக ஒப்படைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டேன். பிரிக்காத பிஎம்பி பெட்டிகள் என் பெட்டகத்துக்கு வந்தன. இரண்டு பெட்டிகளைச் சுடுதளத்தில் சுட்டாகிவிட்டது, அனைத்தும் ஒழுங்காகவே வெடித்தன. மீந்த எட்டு நல்ல கூடுகளில் முத்திரை உடையாத டப்பாவிலிருந்து எடுத்த எஸ்335ஐ, நூலில் உள்ள தொடக்க அளவில் இட்டு, தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புட்டி எங்கே என்று மாமி கேட்டார். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.